நாற்காலி எதற்கு?

எலிகள் நாட்டுத் தேர்தல் கதை ஒன்று உண்டு. கனடா நாட்டிலே, உழவர் கூட்டங்களிலும் தொழிலாளர் மேடைகளிலும் டாமி டக்ளஸ் என்பார் திரும்பத் திரும்பச் சொன்ன கதை. தோழர் ஒருவர் சொல்லக் கேட்டு, தம் நாவன்மையால் நாடெங்கும் பரப்பிய கதை.

எலிகளுக்கென்று ஒரு நாடாம். அங்கே தேர்தல் உண்டு, வாக்குச்சீட்டு உண்டு. ஆனால் எலிகள் வாக்களித்து ஆட்சியிலே அமர்த்துவதோ பூனைகளை! கொழுத்த கறுப்புப் பூனைகள் ஆண்டன. எலி வளையின் வாயில், பூனையின் கை நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டன. நல்ல சட்டந்தான் – பூனைகளுக்கு! பொறுக்கமாட்டாத எலிகள் அடுத்த தேர்தலிலே கறுப்புப் பூனைகளை விரட்டிவிட்டு வெள்ளைப் பூனைகளை அமர்த்தின. நிறம் மாறிற்று, நகம் மாறவில்லை! கடைசியில் ஒரு சின்னஞ்சிறு எலி எழுந்து கேட்டது – நம்மை ஆள நம்மிலே ஒருவரை நாமே தேர்ந்தெடுத்தால் என்ன என்று. பிடித்துச் சிறையிலே போட்டுவிட்டார்கள் அந்த எலியை!

கதை சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. அதற்குப் பிறகு எழுகிற கேள்விதான் கடினமானது. எலிகள் ஒருநாள் உண்மையாகவே ஆட்சிக்கு வந்துவிட்டால்? ஏர் பிடித்தவரும், பள்ளியிலே பாடம் சொன்னவரும், ரயில்வேயிலே தந்தி அடித்தவரும் அமைச்சர் நாற்காலியிலே அமர்ந்துவிட்டால்? அமர்ந்த பிறகு அவர்கள் செய்தது என்ன? நாற்காலி அவர்களை மாற்றிற்றா, நாற்காலியைக் கொண்டு அவர்கள் நாட்டை மாற்றினார்களா?

கற்பனைக் கேள்வி அல்ல இது. சஸ்காச்சுவான் என்ற மாகாணத்திலே, 1944 முதல் 1964 வரை, இருபதாண்டுக் காலம் நடந்த ஆட்சி இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. கழகத் தோழர்களும் பாட்டாளித் தோழர்களும் படித்துப் பார்க்கவேண்டிய விடை அது.

யார் அந்த அமைச்சர்கள்?

கனடாவின் நடுமேற்கிலே கோதுமை விளையும் பெருஞ்சமவெளி சஸ்காச்சுவான். பரப்பு மிகப் பெரிது. மக்களோ, அந்நாளிலே, ஒன்பது லட்சத்துக்கும் குறைவு. 1930-களிலே உலகெங்கும் பொருளாதார மந்தம் வந்தபோது, இங்கே வறட்சியும் கைகோத்துக்கொண்டு வந்தது. மழை பொய்த்தது. மண் புழுதியாகிக் காற்றோடு பறந்தது. கோதுமை விலை விழுந்தது. 1937-ஆம் ஆண்டிலே கிராமத்து மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நிவாரணத்தை நம்பி உயிர் வாழ்ந்தனர். ஊருக்கெல்லாம் சோறு போட்டவன் கையேந்தி நின்றான்!

அந்தப் புழுதியிலேதான் கட்சி முளைத்தது. 1932-இல் கால்கரி நகரிலே உழவர் அமைப்பினரும், தொழிலாளர் கட்சியினரும், சமதர்மம் பேசியவர்களும் கூடி அமைத்த கட்சி. கூட்டுறவுப் பொதுநல அரசுக் கூட்டமைப்பு என்று பொருள்படும் நீண்ட பெயர், சுருக்கமாக, சி.சி.எஃப். அடுத்த ஆண்டு, 1933-இல், ரெஜைனா நகரிலே கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அதற்குப் பதினோராண்டு கழித்து, 1944 ஜூன் 15 அன்று, சஸ்காச்சுவான் சட்டமன்றத்தின் 52 இடங்களிலே 47 இடங்களைக் கைப்பற்றியது. வட அமெரிக்கக் கண்டத்திலே சமதர்மக் கட்சி ஒன்று ஆட்சி அமைத்தது அதுவே முதல் முறை.

ஜூலை 10-ஆம் நாள் பதவியேற்றவர்களைப் பாருங்கள்.

முதல்வர் டாமி டக்ளஸ். ஸ்காட்லாந்திலே பிறந்து, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தொழிலாளியின் மகன். அச்சுக்கூடத்திலே தொழில் கற்றவர். பிறகு பாப்டிஸ்ட் சபையின் போதகர். சிறுவனாக இருந்தபோது அவர் காலிலே எலும்பு நோய். காலை வெட்டி எடுப்பதுதான் வழி என்ற நிலை – பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு! வின்னிபெக் மருத்துவமனையிலே பெரிய அறுவை மருத்துவர் ஒருவர் பார்த்தார். என் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சம்மதமென்றால் கட்டணமில்லாமலே செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது. அந்தச் சிறுவன் வளர்ந்து ஒன்றைக் கேட்டான்: அந்த மருத்துவர் அன்று அந்தப் பக்கம் வராமலிருந்தால்? ஒரு பிள்ளையின் கால், ஒருவருடைய கருணையிலா தொங்குவது?

அதே வின்னிபெக்கிலே 1919-இல் பொது வேலைநிறுத்தம். தெருவிலே ஊர்வலம் வந்த தொழிலாளர் மீது போலீசு குதிரையேறிப் பாய்ந்ததையும் சுட்டதையும், கூரை மேலிருந்து கண்ணாரக் கண்டவர் பதினான்கு வயது டக்ளஸ். மேலுலகத்து இன்பத்தைப் பற்றிப் பேசுவது போதகர் வேலை. இவரோ, இந்த உலகத்து வயிற்றைப் பற்றியும் பேசினார். அதனால்தான் பிரசங்க மேடை அவருக்குப் போதவில்லை. அரசியல் மேடைக்கு வந்தார்.

நிதியமைச்சர் கிளாரன்ஸ் ஃபைன்ஸ், பள்ளி ஆசிரியர். கல்வியமைச்சர் வுட்ரோ லாயிட், அவரும் ஆசிரியர். பதவியேற்ற நாளில் 31 வயதுகூட நிறையவில்லை! தொழிலாளர் அமைச்சர் சார்லஸ் வில்லியம்ஸ், ரயில்வே தந்திப் பணியாளர். இயற்கை வளத்துறை அமைச்சர் ஜோ ஃபெல்ப்ஸ், உழவர். உள்ளாட்சித் துறைக்கு வந்த புரோக்கல்பாங்க், அவரும் உழவர். அரசின் தலைமை வழக்குரைஞர் கோர்மன், மூஸ் ஜா நகரத்து மேயராக இருந்த வழக்கறிஞர். மக்கள் நல்வாழ்வுத் துறையை முதல்வர் டக்ளஸ் தாமே எடுத்துக்கொண்டார்.

சிரித்தனர் செல்வர்கள். ஏரோட்டத் தெரியும், நாடாளத் தெரியுமா என்றனர். எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவருக்குக் கோடிக் கணக்குக் கூட்ட வருமா என்றனர். தொழிற்சாலைகள் ஓடிப்போகும், வங்கிகள் வாசலைச் சாத்தும் என்றெல்லாம் சாபமிட்டனர்.

எந்த அதிகாரம் கையிலே?

சாபத்தைத் தள்ளிவிடலாம், சட்டத்தைத் தள்ளிவிட முடியாது. மாகாண அமைச்சரவையின் கையிலே இருந்தது எவ்வளவு? நாணயம் ஒட்டாவாவிலே உள்ள மத்திய அரசின் கையில். வங்கி மத்திய அரசின் கையில். வட்டி விகிதமும், சுங்க வரியும், மாகாணங்களுக்கு இடையிலான வணிகமும் அதன் கையில். மாகாணத்துக்கு எஞ்சியவை கல்வி, மருத்துவமனை, சாலை, தொழிலாளர் சட்டத்தின் பெரும்பகுதி, நிலம், காடு. அதற்கு மேலே, முந்தைய ஆட்சிகள் விட்டுச் சென்ற கடன் மூட்டை!

அதிகாரம் இல்லையே என்று அழுதுகொண்டே ஐந்தாண்டைக் கழித்திருக்கலாம். ஆட்சியிலே அமர்ந்தவர்களுக்கு அதைவிட வசதியான போர்வை வேறில்லை! இவர்கள் அந்தப் போர்வையைத் தேடவில்லை. 1944 அக்டோபரிலேயே சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம். தொழிலாளர் துறை, கூட்டுறவுத் துறை, சமூகநலத் துறை என மூன்று புதிய துறைகள். அடுக்கடுக்காகச் சட்டங்கள்.

தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டாகப் பேரம் பேசும் உரிமை – தனியார் ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, அரசு ஊழியருக்கும்! கனடாவிலே அதுவரை எந்த மாகாணமும் தன் ஊழியருக்கு அந்த உரிமையைத் தந்ததில்லை. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தன் வீட்டுப் பணியாளை மிரட்டும் முதலாளித்தனம் அங்கே இல்லை. ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்துடன் விடுமுறை வந்தது. தொழிலாளர் உறவு வாரியத்தின் ஆணைக்குப் பணிய மறுத்த பிரின்ஸ் ஆல்பர்ட் பெட்டித் தொழிற்சாலையை 1945-இல் அரசே எடுத்துக்கொண்டது. சட்டப் புத்தகத்திலே எழுதியதைச் செய்தும் காட்டுவோம் என்பது அதன் பொருள்.

உழவர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடன்காரன் வந்து, உழவன் குடியிருக்கும் 160 ஏக்கர் வீட்டு நிலத்தைப் பறித்துக்கொண்டு நடுத்தெருவில் நிறுத்தும் கொடுமைக்கு அணை போட்டது. விளைச்சல் பொய்த்த ஆண்டிலே அசல் கட்டவேண்டாம் என்றும் ஒரு பிரிவு அதிலே இருந்தது. விடுவார்களா? கடன் கொடுத்த நிறுவனங்கள் ஒட்டாவாவுக்கு ஓடின. மாகாணச் சட்டத்தை மத்திய அரசு தள்ளுபடி செய்யவேண்டும் என்று மனுப் போட்டன. டக்ளஸ் வானொலியிலே மக்களிடம் முறையிட்டார். தள்ளுபடி நடக்கவில்லை. ஆனால் வழக்கு நடந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டுக்கான பிரிவு, மத்திய அரசின் அதிகார எல்லைக்குள் கால் வைக்கிறது என்று கனடா உச்ச நீதிமன்றம் 1947-இல் தீர்ப்பளித்தது. லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே சொல்லிற்று.

தோல்விதான். ஆனால் எப்படிப்பட்ட தோல்வி! எல்லை வரை சென்று, எல்லைக் கல்லிலே மோதி, இதற்கு மேல் நம்மைப் போகவிடாதவர் யார் என்பதை உழவனின் கண்ணுக்குக் காட்டிய தோல்வி. வீட்டு நிலத்துப் பாதுகாப்பு நிலைத்தது. முடியாது என்று முன்கூட்டியே சொல்லி மூலையிலே உட்கார்ந்தவர்களுக்கு அந்த 160 ஏக்கரும் கிடைத்திருக்காது!

சட்டியும் அகப்பையும்

சட்டியிலே இருந்தால்தானே அகப்பையிலே வரும்? பொருள் வரும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, பகுத்துக் கொடுப்பது என்று வள்ளுவர் அரசுக்கு நான்கு வேலைகளைச் சொன்னார். பகுத்துக் கொடுப்பதை மட்டுமே பேசுவது மேடைக்கு இனிக்கும். முதல் மூன்றையும் செய்யாத ஆட்சி, நான்காவதைச் செய்ய முடியாது. இதைத் தெளிவாக உணர்ந்தவர் அந்தப் பள்ளி ஆசிரியர் ஃபைன்ஸ். 1944 முதல் 1960 வரை, பதினாறு ஆண்டு, நிதிப் பெட்டியின் சாவி அவரிடமே இருந்தது. பழைய கடனைக் குறைத்தார். வரவைப் பார்த்துச் செலவைத் திட்டமிட்டார். கோடீஸ்வரர்களின் கட்சிதான் கணக்கிலே கெட்டி, ஏழைகளின் கட்சி வாரி இறைக்கும் என்ற பொய்யை, மேடையிலே மறுக்காமல் வரவுசெலவுத் திட்டத்திலே மறுத்தார்.

வாகன விபத்துக் காப்பீட்டை 1946-இல் அரசே தொடங்கியது. அதே ஆண்டு அரசுப் பேருந்து நிறுவனம் வந்தது. இலாபம் பார்ப்பவன் எட்டிப் பார்க்காத சிற்றூருக்கும் பேருந்து போயிற்று. (2017-இல் வேறொரு கட்சியின் ஆட்சி அந்த நிறுவனத்தை மூடியது.) 1949-இல் கிராம மின்சாரச் சட்டம். மண்ணெண்ணெய் விளக்கை நம்பியிருந்த பல்லாயிரம் பண்ணை வீடுகளிலே, பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் மின்விளக்கு எரிந்தது. ஓராசிரியர் பள்ளிகளாகச் சிதறிக் கிடந்த சிறு சிறு பள்ளி வட்டாரங்களைப் பெரிய வட்டாரங்களாக ஒன்றுசேர்த்தார் லாயிட். ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளி, பணக்கார ஊருக்குப் பணக்காரப் பள்ளி என்ற நிலையை உடைக்க அதுவே வழி என்றார். தங்கள் ஊர்ப் பள்ளி தங்கள் கையை விட்டுப் போகிறதே என்று முணுமுணுத்தவர் உண்டு. விளக்கம் சொன்னார், பொறுமையாகச் சொன்னார், பின்வாங்கவில்லை.

திறமையைத் தேடியபோது, தோலின் நிறத்தையும் பிறப்பையும் பார்க்கவில்லை. போர்க்காலத்திலே ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்களைச் சொந்த நாடே பகைவராக நடத்திற்று. வீடு வாசலைப் பறித்தது. அந்த வம்சத்திலே பிறந்த தாமஸ் ஷோயாமா, படித்த படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் இருந்தவர். 1946-இல் அவரைத் திட்டக் குழுவின் பணிக்குச் சேர்த்தது சஸ்காச்சுவான். நாடு தள்ளிய மனிதர்தான் பின்னாளிலே கனடா மத்திய அரசின் நிதித்துறைத் துணை அமைச்சர் என்ற உயர் அலுவலர் பதவிக்கு வந்தார்! 1947-இலேயே இந்த அமைச்சரவை உரிமைச் சாசனச் சட்டத்தைக் கொண்டுவந்து, இனத்தின் பேரால், சமயத்தின் பேரால் வேலையிலும் குடியிருப்பிலும் காட்டும் வேற்றுமையைத் தடை செய்தது. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டிலே!

எல்லாம் வெற்றிதானா? இல்லை. ஆதரவு ஏடு என்பதற்காக மறைக்கவேண்டியதில்லை. ஃபெல்ப்ஸ் ஆர்வக்காரர். அரசே செருப்புத் தொழிற்சாலை தொடங்கியது, தோல் பதனிடும் ஆலை தொடங்கியது, கம்பளி ஆலை தொடங்கியது. சந்தை சிறிது, போட்டி பெரிது, அனுபவம் குறைவு. நட்டம்! எதிர்க்கட்சிகள் அந்தச் செருப்பைக் கையிலே எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றின. 1948 தேர்தலிலே 47 இடம் 31 ஆகக் குறைந்தது. ஃபெல்ப்ஸே தம் தொகுதியை இழந்தார். அமைச்சரவை என்ன செய்தது? கௌரவத்துக்காக மக்கள் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கவில்லை. தேறாத ஆலைகளை மூடியது. மின்சாரம், காப்பீடு போல ஊர் முழுவதற்கும் வேண்டியவற்றிலே கவனத்தைக் குவித்தது. கொள்கை என்பது செருப்பு ஆலை அல்ல. கொள்கை என்பது செருப்பில்லாத கால். எந்தக் கருவியால் அந்தக் காலுக்கு நன்மை வருமோ அந்தக் கருவியை எடு, உதவாத கருவியைக் கீழே வை என்ற தெளிவு அது.

பதினெட்டு ஆண்டுப் படிக்கட்டு

இனி, அந்த அமைச்சரவையை உலகம் இன்றும் நினைப்பதற்கான காரணத்துக்கு வருவோம். நோய் வந்தால் பணப்பையைத் தடவிப் பார்க்காமல் மருத்துவரிடம் போகவேண்டும் – இதுவே டக்ளஸ் தந்த வாக்குறுதி. நாற்காலியில் அமர்ந்த மறுநாளே முழுத் திட்டத்தையும் அறிவித்திருக்கலாம். மருத்துவமனையும் இல்லாமல், மருத்துவரும் இல்லாமல், பணமும் இல்லாமல் அறிவித்து, ஆறு மாதத்திலே கவிழ்ந்து, ஏழைக்கு மருத்துவம் என்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்ற பெயரையும் வாங்கியிருக்கலாம்!

அவர்கள் படிக்கட்டு கட்டினார்கள். 1944-இல் ஹென்றி சிகரிஸ்ட் என்ற மருத்துவ வரலாற்று அறிஞரை அழைத்து ஆராயச் சொன்னார்கள். 1945 தொடக்கத்திலே புற்றுநோய் மருத்துவம் இலவசமாயிற்று. ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும், உதவித்தொகை பெறும் தாய்மாருக்கும் மருத்துவம் இலவசம். 1946-இல், சாலை இல்லாத பனிவெளியிலே நோயாளியைத் தூக்கிவர ஆம்புலன்ஸ் விமானம். அதே ஆண்டு ஜூலையிலே ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரத்தில் மட்டும் எல்லோருக்கும் மருத்துவர் சேவை. ஒரு வட்டாரத்திலே செய்து பார்த்தார்கள். குறைகளைக் கண்டார்கள், கணக்கைக் கற்றார்கள். 1947 ஜனவரி முதல் நாளிலே மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் கட்டினால், மருத்துவமனைப் படுக்கைச் செலவு அரசுடையது! 1955-இல் சஸ்கடூனிலே பல்கலைக்கழக மருத்துவமனை எழுந்தது.

அடுத்து என்ன நடந்தது பாருங்கள். ஒரு மாகாணம் செய்து காட்டியதும், முடியாது என்று சொன்ன வாய்கள் மூடின. 1957-இல் மத்திய அரசே மருத்துவமனைக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்து, மாகாணங்களின் செலவிலே ஏறத்தாழப் பாதியை ஏற்றது. சஸ்காச்சுவான் தனியாகச் சுமந்த பாரம் குறைந்தது. கையிலே பணம் மிஞ்சியது. அந்தப் பணத்தை வைத்துத்தான், 1959 டிசம்பரிலே, மருத்துவர் கட்டணத்தையும் அரசே ஏற்கும் முழுத் திட்டத்தை டக்ளஸ் அறிவித்தார். 1960 தேர்தலிலே அதை மக்கள் முன்வைத்தார். மருத்துவர் அமைப்பு நிதி திரட்டி எதிர்த்துப் பிரசாரம் செய்தது. மக்கள் அமைச்சரவையின் பக்கமே நின்றனர்.

1961 நவம்பரிலே மருத்துவச் சட்டம் நிறைவேறியது. அந்த மாதமே டக்ளஸ் மாகாண முதல்வர் பதவியை விட்டு விலகினார். சி.சி.எஃப்.பும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமைத்த புதிய ஜனநாயகக் கட்சிக்கு, அவரை நாடு தழுவிய தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல்வர் நாற்காலி வுட்ரோ லாயிட்டுக்கு வந்தது. நாற்காலியா அது? நெருப்புக் குண்டம்!

இருபத்து மூன்று நாள்

1962 மே மாதம். ரெஜைனாவிலே ஏறத்தாழ 600 மருத்துவர்கள் கூடியிருக்கிறார்கள். கோபம் கொந்தளிக்கும் மன்றம். அங்கே நேரிலே போய் நின்றார் லாயிட். அரசின் நிலையை விளக்கினார். ஏளனக் குரல்கள் எழுந்தன. இந்தச் சட்டத்தின்கீழ் வேலை செய்ய மறுப்பவர் எழுந்து நில்லுங்கள் என்று மேடையிலிருந்து கேட்டபோது, கிட்டத்தட்ட மன்றம் முழுவதும் எழுந்து நின்றது!

அந்த மாதமே, முன்பு நல்வாழ்வுத் துறையில் இருந்த அமைச்சர் எர்ப் அமைச்சரவையை விட்டு விலகினார். ஜூன் 18 அன்று நடந்த மத்தியத் தேர்தலிலே, ரெஜைனாவிலே நின்ற டக்ளஸே தோற்றார். காற்று எதிர்த்து வீசிற்று. ஜூலை முதல் நாள், சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாள், மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அன்றே, மருத்துவரைத் தேடி அலைந்த பெற்றோரின் கைக்குழந்தை வழியிலேயே இறந்தது. அந்தத் துயரம் யார் நெஞ்சை விட்டு அகலும்? ஏடுகள் அரசைத் தூற்றின. மேடையேறிய பாதிரியார் ஒருவர், இரத்தம் சிந்த நேரும் என்ற தொனியிலே பேசினார்.

வேலைநிறுத்தம் பாட்டாளியின் ஆயுதம். அதை நாம் அறிவோம், மதிக்கிறோம். தொழிற்சங்க உரிமைக்குச் சட்டம் செய்த அமைச்சரவையும் அதை அறியும். ஆனால் பாட்டாளி நிறுத்துவது தன் உழைப்புக்கேற்ற கூலிக்காக. இங்கே நடந்தது, மக்கள் தேர்தலிலே தந்த தீர்ப்பை மாற்றுவதற்காக. ஆலைத் தொழிலாளி கதவடைப்பிலே பட்டினி கிடப்பான். இங்கே கதவடைத்தவர் பட்டினி கிடக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற நோயாளிதான் தவித்தான்.

அப்போது நல்வாழ்வு அமைச்சர் வில்லியம் டேவிஸ் – தொழிற்சங்கத் தலைவராக இருந்து அமைச்சரானவர். அரசு பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது. மக்கள் சும்மா இருக்கவில்லை. சஸ்கடூன், ரெஜைனா, பிரின்ஸ் ஆல்பர்ட் நகரங்களிலே தாங்களே பணம் போட்டுக் கூட்டுறவு மருத்துவமனைகளைத் திறந்தனர். ஜூலை 11 அன்று, அரசை மிரட்டச் சட்டமன்றத்தின் முன்னே மாபெரும் பேரணி என்று முழங்கினார்கள். பல்லாயிரம் பேர் திரள்வர் என்று எதிர்பார்த்த இடத்திலே வந்தவர் நாலைந்தாயிரம்! ஊர் முழுதும் எங்கள் பக்கம் என்ற பலூன் அன்று ஊசி பட்டது.

பிரிட்டனிலிருந்து டெய்லர் பிரபு வந்து இருதரப்புக்கும் இடையே நடந்தார். ஜூலை 23-இல் சஸ்கடூனிலே ஒப்பந்தம். இருபத்து மூன்று நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. அமைச்சரவை எதை விட்டுக்கொடுத்தது? விரும்பும் மருத்துவர் திட்டத்துக்கு வெளியேயும் தொழில் செய்யலாம்; பணத்தை நேரே அரசிடம் வாங்கவேண்டியதில்லை, இடையிலுள்ள காப்பீட்டு அமைப்பு வழியாகவும் வாங்கலாம். எதை விட்டுக்கொடுக்கவில்லை? எல்லோருக்கும் மருத்துவம் – ஏழை என்று எழுதிக் கொடுத்துக் கையேந்துபவனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்! அந்த ஒரு சொல்லிலே ஓர் எழுத்தைக்கூட அழிக்க அவர்கள் இசையவில்லை. வழியிலே வளைந்தார்கள், குறியிலே வளையவில்லை. மருத்துவர்களின் வருமானமோ குறையவில்லை. வாராக் கடனாய்ப் போய்க்கொண்டிருந்த கட்டணமெல்லாம் தவறாமல் வரத் தொடங்கிற்று.

கொடுத்த விலை

1964 ஏப்ரலிலே தேர்தல். வாக்கு எண்ணிக்கையிலே இரு கட்சிகளும் ஏறத்தாழச் சமம். இடங்களிலே லிபரல் கட்சி முந்திற்று. ராஸ் தாச்சர் – ஒரு காலத்தில் சி.சி.எஃப்.பிலேயே இருந்தவர் – முதல்வரானார். இருபதாண்டு ஆட்சியிலே ஏற்பட்ட சலிப்பும் அதற்குக் காரணம். மருத்துவப் போராட்டத்தின் காயமும் காரணம். நாற்காலி போயிற்று.

திட்டம் போயிற்றா? அங்கேதான் இருக்கிறது செய்தி! புதிய ஆட்சி அந்தத் திட்டத்தைக் கலைக்கத் துணியவில்லை. 1968-இல் நோயாளிகளிடம் ஒரு கட்டணத்தைப் புகுத்திப் பார்த்தது. 1971-இல் அதே கொள்கைக் கட்சி ஆலன் பிளேக்கினி தலைமையிலே மீண்டும் வந்து அந்தக் கட்டணத்தை நீக்கிற்று. 1966-இல் கனடா நாடாளுமன்றமே மருத்துவச் சட்டம் இயற்றியது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் அதில் சேர்ந்தன. ஒரு கோதுமை மாகாணத்து உழவர்களும் ஆசிரியர்களும் செய்த சட்டம், நாட்டின் சட்டமாயிற்று! 2004-இல், கனடாவின் தலைசிறந்த மனிதர் யார் என்று கனடா அரசு வானொலி–தொலைக்காட்சி நிறுவனம் மக்களிடமே வாக்கெடுத்தபோது, மக்கள் சொன்ன பெயர் டாமி டக்ளஸ்.

குறையும் உண்டு, சொல்லவேண்டும். அந்த இருபதாண்டு அமைச்சரவையிலே ஒரு பெண்கூட இடம்பெறவில்லை. சட்டமன்றத்திலே பெண்கள் இருந்தனர். அமைச்சர் மேசையிலே அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. சமத்துவம் பேசியவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் போன பாதி உலகம்! அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மாகாணத் தேர்தலிலே வாக்குரிமை வந்ததும் 1960-இலேதான். தந்தவர்கள் இவர்களே என்பது பெருமை. பதினாறு ஆண்டு கழித்துத் தந்தார்கள் என்பது பாடம். அந்தக் கட்சியின் வழியிலே வந்தவர்கள், 2023-இல் பக்கத்து மாகாணமான மானிடோபாவிலே ஆட்சி அமைத்தபோது முதல்வரானவர் ஆதிக்குடியிலே பிறந்த வாப் கினியூ. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் ஆதிக்குடியினர் ஒருவர் கனடாவிலே மாகாண முதல்வரானது அதுவே முதல் முறை. காலம் எடுத்தது, கதவு திறந்தது.

தோழர்களே! அந்த அமைச்சர்கள் மேதைகளும் அல்லர், மாயக்காரர்களும் அல்லர். கையில் இருந்த அதிகாரம் குறைவு. அதன் கடைசி அங்குலம் வரை பயன்படுத்தினார்கள். கையில் இருந்த பணம் குறைவு. முதலில் கணக்கைச் சரி செய்தார்கள். தவறிய முயற்சியை மூடினார்கள். தவறாத கொள்கையை இருபத்து மூன்று நாள் நெருப்பிலே நின்று காத்தார்கள். நாற்காலியைக் காப்பதா, சட்டத்தைக் காப்பதா என்ற நேரம் வந்தபோது, சட்டத்தைக் காத்தார்கள்.

நம்மவர் அமைச்சரானார் என்று வெடி வெடித்து மாலை போட்டு வீட்டுக்குப் போய்விடுவது தொண்டனின் வேலை அல்ல. அன்றைக்குத்தான் அவன் வேலை தொடங்குகிறது. சஸ்காச்சுவானிலே ஆட்சிக்கு வெளியே நின்ற உழவனும் தொழிலாளியும் கூட்டுறவு மருத்துவமனைக்குப் பணம் போட்டுக் கதவைத் திறந்திராவிட்டால், அமைச்சரவையின் உறுதி மட்டும் அந்த ஜூலை மாதத்தைத் தாண்டியிருக்குமா? தேர்ந்தெடுத்தவன் பக்கத்திலே நிற்கவேண்டும், கணக்கும் கேட்கவேண்டும். சொன்னதிலே எந்தப் படியைக் கட்டினாய், அடுத்த படி எப்போது என்று ஆண்டுதோறும் கேட்கவேண்டும்.

நாற்காலி நாலு கால் மரம். ஒருநாள் வரும், ஒருநாள் போகும். அதிலே அமர்ந்திருந்த காலத்திலே ஏழை வீட்டுப் பிள்ளையின் கால் காப்பாற்றப்பட்டதா? அதைக் கேளுங்கள். எவர் அமர்ந்தாலும் கேளுங்கள்!